கிளினிக்கில் வாழும் கண் தெரியாத, கோபக்காரப் பூனையைப் பராமரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான கால்நடை கிளினிக்குகளில் ஒரு பூனையாவது தங்கிவிடும். சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் திரும்ப வந்திருக்கமாட்டார், அல்லது தெருவிலிருந்து யாரோ தூக்கிவந்து விட்டுப்போயிருப்பார். அதற்குப் பார்வையும் இல்லை, கிட்டப் போனால் சீறும் என்றால் யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். கிளினிக்தான் அதன் வீடு. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட பூனையைக் கவனிக்கப்போகும் உதவியாளர்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும்.

எங்கள் கிளினிக்கில் இருப்பவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். குட்டியாக இருந்தபோது வந்த பூனைச் சளிக்காய்ச்சல் இரண்டு கண்களையும் கெடுத்துவிட்டது. இடது கண்ணை எடுத்தாகிவிட்டது, வலது கண் சுருங்கிப்போய் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே அவளிடம் கீறல் வாங்குகிறார்கள். எல்லோரும் செய்வது ஒரே காரியம்தான்: பாவம் பார்த்து, நேராகப் போய்த் தடவப் பார்ப்பார்கள்.

தொடுவது கடைசிப் படி. வலி, இடம், குரல், அப்புறம்தான் தொடுதல். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றும் நடக்காது. கண் தெரியாத பூனையின் கோபத்தில் பெரும்பங்கு திடுக்கிடல். எங்கிருந்தோ ஒரு கை திடீரென்று மேலே விழுகிறது என்றால் அது கடிக்கத்தான் செய்யும். அதனால் கோபத்தை அடக்கப் பார்க்காமல் திடுக்கிடலைக் குறைக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்குத்தான்.

## 1. பூனையிடம் போகும் முன்

முதலில் உங்களுக்கு ஊசி. கிளினிக்கில் வேலை செய்கிற யாராக இருந்தாலும் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 0, 7 ஆகிய நாட்களிலும், பிறகு 21 அல்லது 28-ம் நாளிலும் என மூன்று ஊசிகள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடி வாங்கின பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். தைரியமாக வேலை செய்யவும் முடியும். பயத்தில் வெடுக்கென்று இழுக்கிற கைதான் பூனையை மிரட்டுகிறது.

பொருட்கள் அதிகம் வேண்டாம். கனமான பருத்தித் துண்டு இரண்டு. மேல்பாதியைத் தனியாகக் கழற்ற முடிகிற கேரியர் ஒன்று. மலஜலத்துக்கு வாசனை சேர்க்காத மணலும் அகலமான இரண்டு தட்டுகளும். மீசை இடிக்காத அகலக் கிண்ணங்கள். தென்னை நார் மிதியடி ஒன்று, பழைய சாக்கு ஒன்று. சின்ன எடைகளைச் சரியாகக் காட்டும் எடைமெஷின். ஒரு நோட்டு.

இன்னொன்று, பொருளைவிட முக்கியமானது: பொறுப்பாக ஒரே ஓர் ஆள். எல்லோருடைய பூனை என்றால் யாருடைய பூனையும் இல்லை. சாப்பாடு வைத்தாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பழகும் முதல் சில வாரங்களுக்கு ஒருவரே உணவு வைத்து, ஒருவரே தட்டை சுத்தம் செய்தால், பூனைக்குக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு மனிதர்தான். மற்றவர்கள் பிறகு ஒவ்வொருவராகச் சேரலாம்.

## 2. கோபம் என்று முடிவு செய்யும் முன் வலியைத் தேடுங்கள்

கோபக்காரப் பூனை என்று பெயர் வைத்துவிட்டால் பரிசோதனை அதோடு நின்றுபோகிறது. அதுதான் பெரிய ஆபத்து. பூனைகள் பெரும்பாலும் வலியை வெளியே காட்டாது. நொண்டாது, அழாது. தொடவிடாது, அவ்வளவுதான்.

முதலில் கண். பார்வை போய்விட்டது என்பதால் வலியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் கிளாக்கோமாவில் பார்வை போன பிறகும் வலி தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆறாத கருவிழிப் புண்ணும் அப்படித்தான். பார்வைக்கு வழியே இல்லாத, வலிக்கிற கண்ணை எடுத்துவிடச் சொல்லி டாக்டர் பரிந்துரைத்தால் அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாம். கண்ணை எடுத்து, புண் ஆறினபிறகு குணமே மாறிப்போகிற பூனைகள் உண்டு. அத்தையும் அப்படித்தான், அதற்கு முன் அவள் தலைப்பக்கம் கையே கொண்டுபோக முடியாது.

அடுத்தது வாய். ஈறு வீங்கியிருக்கிறதா, பல் ஆடுகிறதா, சாப்பிடும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்க்கிறதா என்று பாருங்கள். வயதான பூனை என்றால் மூட்டுவலி. இடுப்புக்குமேல் கை வைத்தால் மட்டும் சீறுகிறது என்றால் அது குணக்கோளாறு அல்ல.

வயதான பூனைக்கு திடீரென்று பார்வை போயிருந்தால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயிலும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயிலும் அழுத்தம் ஏறி விழித்திரை பிய்ந்துகொள்ளும். மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 180-ஐத் தாண்டினால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து அதிகம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் சில பூனைகளுக்குக் கொஞ்சம் பார்வை திரும்பும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பழைய மருந்துச்சீட்டு இருந்தால் படித்துப்பாருங்கள். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை நாய்க்குக் கொடுக்கிற அளவில் பூனைக்குக் கொடுத்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போய்விடலாம். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. டாரின் சத்து இல்லாத உணவையே வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் இதே கதிதான். காரணம் தெரிந்தால்தான் இனி எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் தெரியும்.

வலி இருக்கும்போல் இருக்கிறதே என்று யாராவது வீட்டு மாத்திரையை எடுத்தால் உடனே நிறுத்துங்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். பாதி மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

கிளினிக்குக்குள் சுதந்திரமாக விடும் முன் முடிக்க வேண்டியவை: பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசி, ரேபிஸ் தடுப்பூசி, எஃப்.ஐ.வி. (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ்) மற்றும் லுக்கேமியா வைரஸ் பரிசோதனை, பூச்சி மருந்து, கருத்தடை. கிளினிக்கில் வாழும் பூனையைப் பார்த்துவிட்டு தினமும் நோயாளிகள் போகிறார்கள், வருகிறார்கள். அதனிடமிருந்து அவர்களுக்கும் எதுவும் தொற்றக்கூடாது, அவர்களிடமிருந்து அதற்கும்.

## 3. முதலில் ஒரே ஒரு சின்ன அறை

நல்ல மனதோடு செய்யும் தவறு இது: பாவம், அடைத்து வைக்க வேண்டாம் என்று முழு கிளினிக்கையும் திறந்துவிடுவது. கண் தெரியாத பூனைக்குப் பெரிய இடம் சுதந்திரம் அல்ல, பயம். மூலையில் ஒண்டிக்கொள்ளும், சாப்பிடாது, தட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் கண்ட இடத்தில் போய்விடும். பிறகு அதற்கும் திட்டு விழும்.

மருந்து ஸ்டோர் அறை அல்லது பழைய பதிவேடுகள் வைக்கும் அறை சரியாக இருக்கும். நாய்களை அடைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் வேண்டாம். தொற்றுநோய் வார்டுப் பக்கம் கூடவே கூடாது. பல் சுத்தம் செய்யும் அறையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். அல்ட்ராசோனிக் பல் கருவியில் நமக்குக் கேட்காத உச்ச ஸ்தாயி ஒலி ஒன்று வரும். நமக்கு அமைதியாகத் தெரியும் அறை அதற்கு அலறலாக இருக்கும்.

அறையை அமைக்கும் வரிசை இது:

மணல் தட்டை ஒரு மூலையில் வையுங்கள். உணவும் தண்ணீரும் எதிர் மூலையில். பூனை சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் மலம் கழிக்க விரும்பாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டில் ஒன்றைக் கைவிடும். படுக்கை சுவரை ஒட்டி, முதுகுக்குப் பின்னால் யாரும் வரமுடியாத இடத்தில். ஒருபக்கம் மட்டும் திறந்த அட்டைப்பெட்டி போதும்.

தட்டின் முன்னால் நார் மிதியடியைப் போடுங்கள், உணவின் முன்னால் சாக்கை. பாதத்துக்கு நார் உறுத்தினால் தட்டு வந்துவிட்டது, சாக்கு பட்டால் சாப்பாடு வந்துவிட்டது. சில நாட்களில் பூனை இதைப் பிடித்துக்கொள்ளும். அத்தை வேகமாக நடந்துவந்து, முன்பாதம் சாக்கில் பட்ட கணமே நின்று மூக்கைத் தாழ்த்துவாள். கிண்ணம் சரியாக அங்கே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அவளுக்குக் கண் தெரியாது என்றே தோன்றாது.

பூனையை முதன்முதலில் மணல் தட்டிலேயே இறக்கிவிடுங்கள். அங்கிருந்து அது சுவரை மீசையால் தடவிக்கொண்டே அறையை அளக்கும். இனி எப்போது தூக்கினாலும் திரும்ப இறக்கிவிடும் இடம் அந்தத் தட்டின் முன்னால்தான். வேறெங்காவது இறக்கிவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் கை தூக்குகிற ஒவ்வொரு முறையும் உலகம் இடம் மாறிவிடுகிறது என்றால் அந்தக் கையை அது எப்படி நம்பும்?

ஏறி உட்கார ஓர் உயரமான இடமும் வேண்டும். கண் தெரியாத பூனை ஏறாது என்று நினைக்க வேண்டாம், நன்றாக ஏறும். இறங்கும்போதுதான் தடுமாறும். அதனால் இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு படி மாதிரி ஏதாவது ஆடாமல் இருக்கட்டும். ஜன்னலுக்குக் கம்பிவலை கட்டாயம்.

இந்த அறையில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: எதையும் நகர்த்தக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் தட்டையும் நாற்காலியையும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். கோட்டை விடுவது சின்னப் பொருட்களில்: வழியில் வைத்த பக்கெட், பாதி திறந்த அலமாரிக் கதவு, நேற்று வந்த மருந்து அட்டைப்பெட்டி. மூக்கு இடித்துக்கொண்ட பூனை அன்று முழுக்க எல்லோர்மேலும் பாயும்.

எப்போது அறைக்கு வெளியே விடலாம்? தயங்காமல் நடக்கிறது, வால் நிமிர்ந்து இருக்கிறது, தட்டைத் தவறவிடுவதில்லை என்று ஆனபிறகு, கிளினிக் மூடிய நேரத்தில், பக்கத்து அறையை மட்டும் திறந்துவிடுங்கள். ஒவ்வோர் அறையாகத்தான்.

## 4. தரை துடைப்பது

இதற்குத் தனித் தலைப்பு தேவையா என்று கேட்கலாம். தேவை. பல கிளினிக்குகளில் எல்லாம் சரியாகச் செய்தும் பூனை பழகாமல் போவதற்குக் காரணம் துடைப்புத் துணிதான்.

கண் தெரியாத பூனை வாசனையை வைத்துத்தான் வழி வைத்திருக்கும். கன்னத்தைச் சுவரிலும் நாற்காலிக் காலிலும் உரசுவது அதற்காகத்தான். தினமும் காலையில் பினாயில் ஊற்றித் துடைத்தால், அது நேற்று எழுதியதை எல்லாம் அழித்துவிடுகிறீர்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, பினாயில் பூனைக்கு நஞ்சு. கருப்புப் பினாயிலில் இருப்பது ஃபீனால் வகைப் பொருட்கள். அவற்றை உடைத்து வெளியேற்றுகிற திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வெள்ளைப் பினாயிலில் வருகிற பைன் எண்ணெயும் ஆகாது. டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினாலும் இதே குடும்பம்தான்.

பூனையின் அறைக்கு வாசனையில்லாத சோப்புத் தண்ணீர் போதும். ஒரு நாளில் பாதி அறையை மட்டும் துடையுங்கள், மறுநாள் மறுபாதி. படுக்கைத் துணியையும் சாக்கையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள். எப்போதும் ஏதாவது ஒன்றில் அதன் வாசனை இருக்க வேண்டும்.

சிகிச்சை அறைகளுக்குக் கிருமிநாசினி வேண்டுமே என்றால், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 30 மில்லி. முதலில் சோப்புப் போட்டுக் கழுவி அழுக்கை எடுத்துவிட வேண்டும், அழுக்கின்மேல் குளோரின் வேலை செய்யாது. பிறகு கரைசலை 10 நிமிடம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரால் அலசி, தரை காய்ந்தபிறகுதான் பூனை உள்ளே வரலாம். பூனைகளைக் கொல்லும் பன்லுகோபீனியா வைரஸ்கூட இதற்குச் சாகும். சிறுநீர் போன இடத்தில் நேரடியாக ஹைப்போகுளோரைட்டை ஊற்ற வேண்டாம். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு கிளம்பும், பூனைக்கும் உங்களுக்கும் கெடுதல்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள். செய்யாதே என்று மட்டும் சொன்னால், சுத்தம் போதவில்லை என்று நாளைக்கு யாராவது திட்டுவார்களோ என்ற பயத்தில் அவர் பினாயிலையே ஊற்றுவார்.

## 5. குரல் முதலில், ஆள் பிறகு

அறைக்குள் நுழையும் முன் கதவை மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு ஒரு வார்த்தை. எங்கள் கிளினிக்கில் எல்லோரும் சொல்வது "அத்தை, வரேன்". நீங்கள் எதை வைத்தாலும் சரி, எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கொஞ்சல் என்றால் பூனைக்கு அது வெறும் சத்தம்.

சொல்லிவிட்டு நில்லுங்கள். காது உங்கள் பக்கம் திரும்பும். திரும்பாமல் நகராதீர்கள். உறங்கும் பூனை என்றால் இன்னும் தள்ளி நின்று, எழும்வரை கூப்பிடுங்கள். தூங்கும்போது தொட்டு எழுப்புவதுதான் கடி வாங்குவதற்கு நிச்சயமான வழி.

பின்பக்கமாகப் போக வேண்டாம், கண் தெரியாவிட்டாலும் முன்பக்கமாகவே வாருங்கள். சத்தம் வந்த இடத்திலிருந்தே கையும் வர வேண்டும். வலதுபக்கம் பேசிக்கொண்டு இடதுபக்கமாகக் கையை நீட்டினால், அதைப் பொறுத்தவரை அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நடையின் ஒலியும் பெயர்தான். எங்கள் வரவேற்பு மேசைக்காரர் கொலுசு போட்டிருப்பார். அந்தச் சத்தம் வாசலில் கேட்டாலே அத்தையின் காதுகள் தளர்ந்து இயல்பு நிலைக்கு வரும். புதியவர்கள் சிலர் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பூனைநடை நடந்து வருவார்கள். அது நேர் எதிராகத்தான் முடியும். செருப்புச் சத்தம் கேட்கும்படியே நடந்து வாருங்கள்.

கண் தெரியாத பூனையின் கழுத்தில் மணி கட்டாதீர்கள். அது கேட்டுத்தான் வாழ்கிறது. அதன் காதடியிலேயே ஓயாமல் ஒலித்தால் மற்ற எதுவும் கேட்காது. கிளினிக்கில் வேறு பூனை இருந்தால் அதற்குக் கட்டுங்கள்.

## 6. கோபம் வருகிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

பூனையோடு பழகியவர்கள் வழக்கமாகக் கண்ணைப் பார்ப்பார்கள். கருமணி விரிந்தால் பயம், மெதுவாகக் கண்சிமிட்டினால் நட்பு. இங்கே அது ஒன்றுக்கும் உதவாது. பார்வை போன கண்ணில் கருமணி எப்போதுமே விரிந்திருக்கலாம். நீங்கள் கண்சிமிட்டினாலும் அதற்குத் தெரியாது.

காதையும் வாலையும் முதுகுத் தோலையும் பாருங்கள். காது ஒலி வரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தால் கவனிக்கிறது, அது நல்லதுதான். இரண்டு காதும் பக்கவாட்டில் படிந்து அப்படியே நின்றுவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். வாலின் நுனி துடிப்பது முதல் எச்சரிக்கை. முழு வாலும் தரையில் அடித்தால் அடுத்தது நகம். முதுகுத்தோல் சிலிர்த்து நெளிந்தால், அதுவரை சும்மா இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

சீறலுக்குத் திட்டாதீர்கள். சீறுவது அது உங்களுக்குக் காட்டும் மரியாதை: கடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிறது. சீறும்போதெல்லாம் தட்டி அடக்கினால், சொல்லாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

## 7. தொடுதல்

சாப்பிடுகிற நேரத்தில் தொடாதீர்கள். சாப்பிட்டு முடித்து முகம் கழுவிக்கொண்ட பிறகுதான் நல்ல நேரம்.

வார்த்தையைச் சொல்லுங்கள். விரல்களை மடக்கி, கையை அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தரையோடு வைத்துக் காத்திருங்கள். மோந்து பார்க்கட்டும். சானிடைசர் போட்ட கை, நாயைப் பிடித்த கை இரண்டையும் கழுவிவிட்டு வாருங்கள். ஸ்பிரிட் வாசனை என்றால் அதற்கு ஊசி ஞாபகம் வரும்.

அது கன்னத்தை உங்கள் விரலில் உரசினால் அனுமதி கிடைத்தது. கன்னம், தாடைக்குக் கீழே, காதுகளுக்கு நடுவில். மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்திப் பாருங்கள். மறுபடியும் தலையை முட்டினால் தொடரலாம். நகர்ந்துபோனால் இன்றைக்கு அவ்வளவுதான். வயிறு, வால் அடி, பின்கால்கள் பக்கம் கை போகவே வேண்டாம்.

மூக்கை நீட்டாமல் உறுமினால்? கையை வெடுக்கென்று இழுக்காமல் அப்படியே வைத்திருந்து, மெதுவாக எடுங்கள். எழுந்து போய்விடுங்கள். தினமும் இப்படிப் போய் உட்கார்ந்து, பேசிவிட்டுத் தொடாமலே வந்தாலும் அது வேலைதான். அத்தை இன்றுவரை மடியில் ஏறுவதில்லை. ஏற வேண்டும் என்று எங்களுக்கும் ஆசை இல்லை. பக்கத்தில் வந்து படுக்கிறாள், அது போதும்.

## 8. ஊசி, நகம், பரிசோதனை

கேரியர் எப்போதும் அறையிலேயே திறந்து கிடக்கட்டும், உள்ளே அதன் துணியோடு. அது படுக்கிற இடங்களில் ஒன்றாக ஆகிவிட்டால், பரிசோதனை நாளில் துரத்த வேண்டியதில்லை. மேல்பாதியைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே பரிசோதிக்கலாம். மேசையின் வழுக்கும் ஸ்டீல் கண் தெரியாத பூனைக்கு நடுக்கம் தரும்.

துண்டை முதுகின் பக்கமிருந்து போர்த்தி, கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, முன்கால்கள் உள்ளே. தேவையான ஒரு காலை மட்டும் வெளியே எடுங்கள். தலையை மூடினால் அமைதியாகிவிடும் என்று பழக்கதோஷத்தில் மூடுவார்கள். கண் தெரிகிற பூனைக்கு அது உதவும். இதற்கு இருட்டில் ஆறுதல் இல்லை, காதை அமுக்குவதுதான் மிச்சம். காது வெளியே இருக்கட்டும், வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

பிடரியைப் பிடித்துத் தூக்குவது பழைய முறை. பூனை மருத்துவ அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட கையாளும் நெறிமுறைகள் அதைக் கைவிடச் சொல்கின்றன. அது பூனையை உறையவைக்கும், அமைதிப்படுத்தாது. கனமான தோல் கையுறையும் வேண்டாம் என்பேன். உறை போட்ட கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது.

வரிசை முக்கியம். எடை, காது, நகம், பிறகு வாய், ஊசி கடைசி. பிடிக்காததை முதலில் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சண்டையில்தான் முடியும். வால் அடிக்க ஆரம்பித்தால் மிச்சத்தை நாளைக்கு வையுங்கள். கிளினிக்கிலேயே இருக்கிற பூனை, ஒரே நாளில் முடித்தாக வேண்டிய அவசியம் இல்லை. நகத்தை ஒரு நாளைக்கு ஒரு பாதம் என்று வெட்டலாம்.

கட்டாயம் செய்ய வேண்டிய சிகிச்சை, பூனை விடவே விடாது என்றால், பதற்றத்தைக் குறைக்கும் காபாபென்டின் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது பற்றி டாக்டரைக் கேளுங்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார். அதைக் கொடுத்த நாளில் பூனை தள்ளாடும். உயரத்தில் ஏறவிடாமல் தரையோடு வைத்திருங்கள்.

## 9. சாப்பாடு

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே கிண்ணம். வாசனைதான் அதற்கு மெனு. ஈர உணவைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். பூனைக்கான உணவுதான், நாய் உணவு அல்ல. உப்புப் போடாமல் வேகவைத்த நெத்திலி நல்ல லஞ்சம், கருவாடு வேண்டாம். மருந்தை அந்தக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். ஒருமுறை கசந்தால் கிண்ணத்தையே சந்தேகப்படும். மருந்துக்கு வேறு தட்டு, வேறு இடம்.

ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில நாட்கள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கிவிடும், குண்டான பூனைக்கு இன்னும் வேகமாக.

## 10. நோயாளிகளும் குழந்தைகளும்

பகலில் காத்திருப்பு அறைக்குப் பூனை வரக்கூடாது. வெளியே விட்டாலும் மேசைக்குப் பின்னால், தடுப்புக்கு உட்பக்கம். வருகிற நாய் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. பூனைக்கோ ஓடும் திசை தெரியாது.

"தொடாதீர்கள், கடிக்கும்" என்று பலகை வைத்தால் குழந்தைகள் முதலில் அதைத்தான் தொடுவார்கள். "எனக்குக் கண் தெரியாது. பேசுங்கள், தொடாதீர்கள்" என்று எழுதிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு காரணம் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். குழந்தைகள் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், காது திரும்புவதைப் பார்த்தே சந்தோஷப்படுவார்கள்.

## 11. இரவு, விடுமுறை, பட்டாசு

பூட்டிவிட்டுப் போகும் முன் அறையை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும்: வழியில் பொருள், திறந்த கதவு, தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வருவது என்று நோட்டில் பெயர் எழுதியிருக்கட்டும்.

விளக்கு தேவையில்லை. ஆனால் தொடர்ந்து கேட்கும் ஒலி உதவும். தடுப்பூசி ஃபிரிட்ஜின் ரீங்காரம் அத்தைக்குத் திசைகாட்டி. கரண்ட் போய் அது நின்றால் நடந்துகொண்டிருப்பவள் அப்படியே நின்றுவிடுவாள். அப்போது கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், தூக்கப் போகாதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய நாளே முதல் சின்ன அறைக்கு மாற்றி, கதவிடுக்கில் துணி வைத்து அடைத்து, ரேடியோவைச் சத்தம் குறைவாக ஓடவிடுங்கள். வெடிச் சத்தத்தில் அது குரலை வைத்து ஆளை அடையாளம் காணாது. அன்றைக்கு யாரும் தொட வேண்டாம்.

## 12. கடித்துவிட்டால்

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நம்ம பூனைதான், ஊசி போட்டதுதான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முன்தடுப்பூசி முழுதாகப் போட்டவர்களுக்கு 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போதும். போடாதவர்களுக்கு முழுத் தவணையும், ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

பூனைக்கடிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல் ஊசி மாதிரி இறங்கும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழத்தில் பாஸ்டுரெல்லா கிருமி. கையில், விரல் மூட்டில் பட்ட கடி ஒரே நாளில் வீங்கிச் சீழ் வைத்துவிடும். சிவந்து சூடாக இருந்தால், விரலை மடக்க முடியாவிட்டால், காத்திருக்க வேண்டாம்.

கடித்த நாளில் நோட்டில் எழுதுங்கள்: எங்கே தொட்டோம், அதற்கு முன் என்ன சத்தம், யார் உடன் இருந்தார்கள். பூனையைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. ஒரே இடத்தைத் தொட்டால் திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்றால் 2-ம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே வலி இருக்கிறது.

## 13. வாரம் ஒருமுறை, அப்புறம் ஒரு கேள்வி

வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, நோட்டில்தான் தெரியும். கூடவே நகம், ஈறு, இருக்கும் கண்ணில் நீர் அல்லது சிவப்பு, மணலில் சிறுநீர்க் கட்டியின் அளவு.

சில மாதங்களுக்கு ஒருமுறை நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்: இந்தப் பூனைக்குக் கிளினிக் சரியான இடம்தானா? எப்போதும் ஒளிந்தே கிடக்கிறது, நாய் குரைத்தால் நடுங்குகிறது, இரவில் மட்டும்தான் சாப்பிடுகிறது, முடியை நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொள்கிறது என்றால் சரியில்லை. அமைதியான ஒரு வீட்டைத் தேட வேண்டும். குணம் மோசம், யார் எடுப்பார்கள் என்று தேடாமலே விடுவதுதான் அதிகம் நடக்கிறது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, சாமான்களை அடிக்கடி மாற்றாத வீடு, பூனை மடிக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்காத மனிதர்: இப்படி விசாரித்தால் கிடைப்பார்கள்.

அனுப்பும்போது சாக்கு, மிதியடி, கிண்ணம், படுக்கைத் துணி நான்கையும் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். நோட்டின் நகலைக் கொடுங்கள். கூப்பிடும் அந்த வார்த்தையை உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்து அனுப்பிவையுங்கள். புதியவர் அதே தொனியில் சொல்லிப் பழகட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரே அறை, மணல் தட்டில் முதலில் இறக்கிவிடுவது என 3-ம் படியிலிருந்து அப்படியே மறுபடியும் தொடங்கச் சொல்லுங்கள்.